செவ்வாய்க்கிழமைப் பச்சை

மார்ச் 5

வக்கீலம்மாவுக்கு,

விசாரணை முடிகிறவரை கண் வங்கி ஆட்களும் ஆபரேஷன் தியேட்டர் ஆட்களும் போனில் பேசக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். கடிதம் எழுதக் கூடாது என்று அதில் இல்லை. இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிற பைத்தியம் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். அதனால் எழுதுகிறேன். உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் என் புருஷன் வாய் வழியாகப் போகிற சேதி எந்த உருவத்தில் வந்து சேரும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்கு வந்த கண்ணுக்கு நான் பச்சை கொடுக்கவில்லை.

முறை என்ன என்று நமக்குள் பேசித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது படித்தால் புரியட்டும். இறந்தவரின் கண் எங்கள் வங்கிக்கு வருகிறது. அவருடைய ரத்தம் லேபுக்குப் போகிறது. ரத்தத்தில் தொற்று இல்லை என்று லேப் சொன்ன பிறகு நான் ‘முடிந்தது’ என்று அழுத்த வேண்டும். உடனே வண்டிப் பிரிவின் திரையில் பச்சை விழும், ஃப்ரிட்ஜ் அறைக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுப்பார், உன் மேசையில் பச்சை விழும், நீ நோயாளியைக் கூப்பிடுவாய். முன்பெல்லாம் இத்தனை பேருக்கும் நான் ஒருத்தி போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து துறை, ஐந்து கம்ப்யூட்டர், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது, நம் வீடு மாதிரி. ஜனவரியில் இணைப்புக்காரர் வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துவிட்டுப் போனார். இனி யாரும் யாரையும் கேட்க வேண்டாம், தானாக நகரும் என்றார்.

நகர்ந்துவிட்டது. பச்சை விழுந்த நேரத்தில் நான் ஒரு வீட்டில், அப்பாவை இழந்த ஒரு பெண்ணிடம் கண் தானத்துக்குச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் மட்டும் நான் அழுத்தியதாக என் பேர் நிற்கிறது. போனிலிருந்தும் அழுத்தலாம் என்பதால் அந்த வீட்டில் இருந்தேன் என்பதை எவரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வந்த ரத்தப் பதில் மோசம். உங்கள் பெரிய டாக்டர் ‘லேப் சீட்டு எங்கே’ என்று கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார். என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணையில் தப்பு என்னுடையது என்று முடிவானால் வேலை போய்விடும்.

என் ரகசியச் சொல் என்னைத் தவிர ஒரே ஒருத்திக்குத் தெரியும். போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது நானே போனில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? குற்றம் சாட்டவில்லை. கேட்கிறேன்.

அண்ணி

பி.கு.: இதை மாடி வீட்டு டீச்சர்தான் தபாலில் போடுகிறார், பதிலையும் அவர் விலாசத்துக்கே அனுப்பு. இங்கே தபால் முதலில் உன் அண்ணன் கையில்தான் விழுகிறது.


மார்ச் 9

அண்ணி அவர்களுக்கு,

குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன் என்கிறீர்கள். நன்றாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நானும் கேட்கிறேன். உங்கள் ரகசியச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? என் தியேட்டருக்கு நானே கெட்ட கண்ணை வரவழைப்பேனா? அன்றைக்கு மேசையில் படுத்திருந்தது யார் தெரியுமா? ஒரு தையல்கார அம்மா. ஊசியில் நூல் கோக்க முடியாமல் கடையை மூடிவிட்டு ஒரு வருடமாகக் காத்திருந்தவர். கண்ணுக்குப் பக்கத்தில் மயக்க ஊசி போட்டாகிவிட்டது. அப்புறம், ‘இன்னைக்கு இல்லைம்மா’ என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினோம். சொன்னது டாக்டர் இல்லை, நான். ‘நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா?’ என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

லேப் தாமதமாகும்போதெல்லாம் வண்டிக்காரர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள் என்று நீங்கள் என்னிடம் புலம்பியதில்லையா? வண்டியைப் பிடித்து வைக்க முன்கூட்டியே ஒரு பச்சையைத் தட்டிவிட்டு, லேப் பதில் மோசமானதும் இறந்தவர் வீட்டுக் கதையைச் சொல்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை மறைக்க எனக்குத் தெரியாது. அதனால்தானே வீட்டில் எல்லோரும் என்னை வக்கீல் என்கிறீர்கள்.

இன்னொன்று. உங்களுக்கு இது புதிதில்லை. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்தபோது கொஞ்ச நாள் உங்களோடு இருக்கட்டும் என்றோம். ‘சரி, வரட்டும்’ என்றீர்கள். அம்மா சூட்கேஸோடு வாசலில் வந்து நின்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அம்மா ஒரு வாரம்கூட இல்லாமல் திரும்பி வந்தாள். முதலில் சரி என்பது, பிறகு நானா சொன்னேன் என்பது. இரண்டும் ஒரே ஆள் செய்கிற காரியம் மாதிரி இருக்கிறது.

உங்கள் கடித உறையின் பசை ஒரு ஓரத்தில் வேறு நிறமாக இருந்தது. உங்கள் டீச்சரும் அவ்வளவு நம்பிக்கையானவர் இல்லை என்று நினைக்கிறேன்.

தியேட்டர் அட்டவணைக்காரி


மார்ச் 13

வக்கீலம்மா,

பசை வேறு நிறமாக இருந்ததற்குக் காரணம், வீட்டுப் பசை தீர்ந்துபோய்க் கொஞ்சம் மாவைக் குழைத்து ஒட்டியதுதான். டீச்சர் பாவம், அவரை விட்டுவிடு.

முன்கூட்டிப் பச்சையைத் தட்டுகிறவள் நான் இல்லை. வண்டிக்காரர்களைப் பற்றிப் புலம்பினேன், உண்மை. புலம்புகிறவர்கள் எல்லாம் திருடுகிறவர்கள் இல்லை. இந்தப் பதினான்கு வருடத்தில் லேப் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பெட்டியை நான் வெளியே விட்டதில்லை. அந்தத் தையல்கார அம்மா உன்னிடம் கேட்ட கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது உனக்கு நடிப்பாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அம்மா விஷயத்தை இழுத்திருக்கிறாய். நல்லது, ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்ததை நானும் கொட்டிவிடுகிறேன். நான் எப்போது ‘சரி’ என்றேன்? என்னை யார் கேட்டார்கள்? ஒரு நாள் வேலையிலிருந்து வருகிறேன், வாசலில் உன் அம்மா, பக்கத்தில் சூட்கேஸ். வீட்டில் ஒரு கட்டில் கூடுதலாக இல்லை, மாடிப்படி ஏறாமல் போகிற குளியலறை இல்லை. என் முகம் எப்படி இருந்திருக்கும்? ஆபரேஷன் ஆன காலோடு வந்தவரை எங்கே படுக்க வைப்பது என்று தெரியாமல் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதற்கு ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்’ என்று பேர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் அம்மாவை என் தலையில் கட்டியது நீ என்றுதான் நான் இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சொல், யார் சரி என்று சொன்னது?

இங்கே நாட்கள் நகர மாட்டேன் என்கின்றன. பாத்திரங்களையெல்லாம் இரண்டு தரம் தேய்த்துவிட்டேன். அலுவலகத்தில் தெரிந்தவர்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். ஃப்ரிட்ஜ் அறைக்காரர் மட்டும் நின்று, ‘உங்க பேர்ல பச்சை வந்ததும்மா, அதான் கொடுத்தேன்’ என்றார். அவரும் பயந்து போயிருக்கிறார். பயந்தவர் பொய் சொல்கிறாரா என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன். என் புத்தி அப்படி ஆகிவிட்டது.

அண்ணி


மார்ச் 18

அண்ணிக்கு,

இனிமேல் பூசி மெழுக வழி இல்லை.

நேற்று என் மேசையில் மறுபடியும் பச்சை விழுந்தது. உங்கள் பேரில். நீங்கள் வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தில். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புதுப் பெண் அவள் பேரில்தான் வேலை செய்கிறாள். இது அவள் பேரில் வரவில்லை. கம்ப்யூட்டரில் உங்கள் பேரை மூட வேண்டியது பணியாளர் பிரிவு. அவர்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்கு எழுத வேண்டுமாம். எழுதினார்களாம், அங்கே அது எங்கேயோ மேலே ஏறாமல் கிடக்கிறதாம். ஆக, உங்கள் போனும் உங்கள் கையும் இருந்தால் போதும்.

எதற்காக? உங்களை வெளியே வைத்தாலும் தப்பு நடக்கிறது என்று காட்டவா? பழி வேறு பக்கம் திரும்பட்டும் என்றா? அப்படி இருந்தால் அது நான் உங்களைப் பற்றி நினைத்ததைவிடக் கீழே.

நல்லவேளை, முதல் தடவைக்குப் பிறகு உங்கள் பச்சையை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு தடவையும் லேபுக்கே போன் போட்டுவிடுகிறேன். லேப் தனிக் கட்டடம், உத்தரவில் அவர்கள் பேர் இல்லை. நேற்றும் கேட்டேன். ‘இன்னும் மிஷினே காயலைங்க, பதிலுக்கு எங்க போறது?’ என்றார் லேப்காரர். நேற்றுக் கூப்பிட வேண்டிய நோயாளியும் அதே தையல்கார அம்மாதான். கூப்பிடவில்லை. வந்த பெட்டியை எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டினேன். இன்று காலை ரத்தப் பதில் சுத்தமாக வந்த பிறகுதான் டாக்டர் கத்தியைத் தொட்டார். அந்த அம்மா இப்போது கட்டோடு படுத்திருக்கிறார். நன்றாக நடந்தது என்கிறார் டாக்டர்.

அம்மா விஷயத்தில், நீங்கள் சரி சொன்னதாக என்னிடம் சொன்னது அண்ணன். ‘அவகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டா’ என்றான். என் காதால் கேட்டேன். அவன் என் அண்ணன், உங்கள் கணவர். நமக்குள் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், அது நான் இல்லை.

நேற்றைய பச்சையைப் பற்றி விசாரணை அதிகாரியிடம் சொல்லியாகிவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி உங்களைக் கூப்பிடுவார்கள்.


மார்ச் 21

வக்கீலம்மா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் செய்தது, அடுப்பை அணைத்துவிட்டு உன் அண்ணனை எதிரே உட்கார வைத்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

‘உங்கம்மா வர்றதைப் பத்தி என்கிட்ட கேட்டீங்களா?’

‘கேட்டேனே.’

‘எப்போ?’

‘நீ சமையல் பண்ணிட்டிருந்தே. மிக்ஸி ஓடிட்டிருந்தது. அம்மா கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமான்னு கேட்டேன்.’

‘நான் என்ன சொன்னேன்?’

‘ஒண்ணும் சொல்லலை.’

‘ஒண்ணும் சொல்லலைன்னா?’

‘வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருப்பே இல்ல? நீ சும்மா விடற ஆளா? சொல்லலை. சரின்னு எடுத்துக்கிட்டேன்.’

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறார். இந்த மனுஷனுக்கு எல்லோருடைய மௌனமும் சம்மதம். இதே ஆள் உன்னிடம், அம்மா அப்படித் திரும்பிப் போனதற்கு நான் வருத்தப்பட்டதாகச் சொன்னாரா? என்னிடம் நீ வருத்தப்பட்டதாகச் சொன்னார். ‘வருத்தப்பட்டவள் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை’ என்று அதற்கும் சேர்த்து உன் மேல் கோபப்பட்டேன்.

கத்தலாம் என்று எழுந்தேன். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அழுத்தவில்லை. நீயும் அழுத்தவில்லை என்று இன்றுதான் முதல் தடவையாக வைத்துப் பார்க்கிறேன். வைத்துப் பார்க்கத்தான், இன்னும் முழுசாக நம்பவில்லை. அப்படியானால் என் பேரில் அழுத்துகிறவன் யார்? நான் வாய் திறக்காமல் இருந்ததை நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு போய் அடுத்த வாசலில் சொல்கிறவன் என் வீட்டில் ஒருவன் இருக்கிறான். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒருவன் இருக்கிறானா?

நீ லேபுக்குப் போன் போட்டதற்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. கோபம் ஆறட்டும்.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

கதை அழகாக இருக்கிறது. அதனால்தான் உடனே நம்ப மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அண்ணன் என்னிடமும் அப்படித்தான் சொன்னான், நீங்கள் வருத்தப்பட்டதாக. ‘வருத்தப்பட்டாங்களாம், ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களாம்’ என்று நானும் ஒரு வருடமாகப் பொருமிக்கொண்டிருக்கிறேன். அவனைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு தடவையும் செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று லேபில் மிஷினைக் கழுவிக் காய வைப்பார்கள், அன்றைக்குப் பதில் எல்லாமே தாமதம். மற்ற நாட்களில் லேப் பதில் சீக்கிரம் வந்துவிடுகிறது, நீங்களோ புதுப் பெண்ணோ அழுத்திவிடுகிறீர்கள். பச்சை உண்மையாகவே வருகிறது. யாரும் எதுவும் சொல்லாமல் நேரம் போகிற ஒரே நாளில்தான் இந்தப் பொய்ப் பச்சை வருகிறது. இது உங்கள் கதைக்குச் சாதகம். வக்கீல் என்ற முறையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதியும் செவ்வாய். கண் ஏதாவது வந்திருந்தால் சோதித்துவிடலாம். ஆனால் நான் சொல்கிறபடி. உங்கள் ரகசியச் சொல்லை மாற்றுங்கள், எனக்கும் சொல்லாதீர்கள். போனை அணைத்து விசாரணை அதிகாரி கையில் கொடுங்கள். ஃப்ரிட்ஜ் அறைச் சாவியும் அவரிடமே இருக்கட்டும், பெட்டி வெளியே போகக் கூடாது. லேபை அவசரப்படுத்தக் கூடாது. என் போனை நான் மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் என்னையும் சந்தேகப்படுகிறீர்கள், நியாயம்தான்.

பச்சை வராவிட்டால் உங்களுக்கு வேலை போகும். அதைத் தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

அம்மா விஷயம் பற்றி இப்போது எழுத மாட்டேன். ஒரு நேரத்தில் ஒரு விசாரணை போதும்.


ஏப்ரல் 1

வக்கீலம்மா,

உன் நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் அதிகாரியிடம் சொன்னேன். ‘இவ்வளவும் யார் யோசிச்சது?’ என்றார். என் நாத்தனார் என்றேன். ‘உங்களுக்கு ஆகாதவங்களா?’ என்றார். இன்னும் முடிவாகலை சார் என்றேன்.

சின்ன அறை, ஒரு மேசை, அதில் ஒரு கம்ப்யூட்டர், ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். காலையில் ஒரு கண் வந்திருந்தது. ரத்தம் லேபுக்குப் போயிருந்தது. என் போன் அவர் முன்னால், சாவி அவர் பையில். புதுப் பெண்ணையும் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தேன். அதிகாரி பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டு எங்கள் கையையே பார்த்தார். நேரம் போனது. ஒன்றும் வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். இந்த வக்கீல் பேச்சைக் கேட்டு என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன். நீ வேண்டுமென்றே செய்தாய் என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்க எனக்கும் தெரியாது.

அப்போது விழுந்தது. பச்சை. கீழே என் பேர்.

அதிகாரி என் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், நனைந்த பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. உன் மேனேஜருக்குப் போன் போட்டார். நீ எதிரில் உட்கார்ந்திருக்கிறாய், உன் போன் அவர் மேசையில் என்று அவர் சொன்னார். பிறகுதான் இணைப்புக்காரரை வரச் சொன்னார்கள்.

பாவம், அவர் எதையும் ஒளிக்கவில்லை. ‘போன மாசக் கடைசியில எல்லாத் துறையும் தாமதம்னு மேலிடத்துல திட்டு விழுந்தது. ஆளுங்க வேலையை முடிச்சிட்டு அழுத்த மறந்துடறாங்க. அதனால குறிப்பிட்ட நேரத்துக்குள்ள யாரும் வேண்டாம்னு சொல்லலைன்னா, பொறுப்பாளர் பேர்ல தானாவே முடிஞ்சதா எடுத்துக்கிற மாதிரி வெச்சோம்’ என்றார். இதை யாரிடம் கேட்டீர்கள் என்றார் அதிகாரி. ‘எல்லாத் துறைத் தலைவருக்கும் அனுப்பினோமே சார். யாரும் மறுப்புச் சொல்லலை. சரின்னு எடுத்துக்கிட்டோம்.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில், அந்த நேரத்தில். அடக்கவே முடியவில்லை. என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

இன்று உங்கள் பேரில் பச்சை வந்தது. லேபுக்குப் போன் போட்டேன். பதில் சுத்தம், சீட்டு உங்கள் கையில் இருக்கிறது என்றார்கள். இருந்தாலும் கேட்டேன். இனியும் கேட்பேன். மேனேஜர் அதை என் வேலையாகவே எழுதிவிட்டார்: பச்சை வந்தாலும் தியேட்டரிலிருந்து ஒருவர் நம்பாமல் போன் போட வேண்டும். சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அண்ணன் சிரிக்கிறான். அந்தத் தானாக எடுத்துக்கொள்கிற வேலையையும் நிறுத்திவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் இனிச் சிவப்பு.

உங்களை நம்பாததால்தான் அன்றைக்குப் போன் போட்டேன். அதனால்தான் அந்தத் தையல்கார அம்மா இரண்டாம் தடவையும் ஏமாறாமல் இருந்தார். இதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, நீங்கள் நன்றி சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அழுத்தினீர்கள் என்று அதிகாரியிடம் சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அது எனக்கு வலிக்கிறது, அண்ணி.

அந்த அம்மா நேற்று வந்தார். என் புடவை ஓரத்தில் தையல் பிரிந்திருக்கிறது என்றார். மூன்றடி தள்ளி நின்றுகொண்டு.

இப்போது அம்மா விஷயம். என் வீட்டில் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், அந்த வாடை அவளுக்கு ஆகாது. அம்மா கொஞ்ச நாள் உங்களோடு வந்து இருக்கலாமா? இதை அண்ணன் வழியாகக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், உங்களைக் கேட்கிறேன். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன்.


ஏப்ரல் 10

வக்கீலம்மா,

நன்றிதான். இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபம் காரணம், வேறொன்றுமில்லை. என்னைச் சந்தேகப்படுவதை நிறுத்தாதே. சீட்டு கையில் இருக்கும்போது யார் சந்தேகப்பட்டாலும் எனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. அதிகாரியிடம் சொன்னதை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் வலிக்கும், பிறகு போய்விடும்.

அம்மா இந்த மாதம் வேண்டாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லவில்லை. கீழே ஒரு குளியலறை கட்டச் சொல்லியிருக்கிறேன், கொத்தனார் இன்னும் வாசலிலேயே நிற்கிறார். மே முதல் வாரம் முடிந்துவிடும். அப்போது வரட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். இது நான் என் வாயால் சொல்வது, மிக்ஸி ஓடவில்லை.

ஒன்று மட்டும். நீ என்னைக் கேட்டாய், நான் உனக்குச் சொல்லிவிட்டேன், உன் அண்ணன் அதற்குள் கட்டில் பார்க்கக் கடைக்குப் போய்விட்டார். இங்கே வந்து இருக்க விருப்பமா என்று அம்மாவை யாராவது கேட்டீர்களா?

அண்ணி


ஏப்ரல் 16

அண்ணி,

கேட்டேன்.

அம்மா கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ‘போன தடவை என்னை யாரும் கேக்கலை. சூட்கேஸைக் கட்டி வண்டியில ஏத்திட்டீங்க’ என்றாள். பிறகு, ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றாள்.

மூன்று நாள் ஆகப் போகிறது, இன்னும் சொல்லவில்லை. நேற்று அண்ணன் போன் போட்டு, ‘அம்மா சரின்னுட்டாங்க இல்ல?’ என்றான். இல்லை என்றேன். அப்ப வேண்டாம்னுட்டாங்களா என்றான். அதுவும் இல்லை என்றேன். அப்புறம் என்னதான் சொன்னாங்க என்றான்.

இன்னும் சொல்லலை, காத்திருக்கோம் என்றேன்.